அரபு வராத அறை

சூடானின் அத்பரா நகரில், ரயில் பாலத்தை ஒட்டிய பெண்கள் பள்ளியின் மூன்றாம் அறைக்குள் நுழைந்தால் யாருக்கும் அரபு வராது. வாசலைத் தாண்டி வெளியே வந்தால் மறுபடி வந்துவிடும். வெங்காய விலை ஏறியதைச் சொல்வதுபோலத்தான் ஊரில் இதையும் சொல்வார்கள்.

புஸைனா அங்கே ஆங்கிலம் நடத்த வந்த புதிதில் அறை அப்படி இல்லை, வேலையும் எளிதாக இருந்தது. அவள் பாடத்தை வாசித்து அரபில் அர்த்தம் சொல்வாள், சிறுமிகள் எழுதிக்கொள்வார்கள். சில வருடங்களில் அது பழசாகி, கேட்டதைத் திருப்பிச் சொல்லும் முறை வந்தது. மேசைமேல் குடை இருக்கிறது என்று வகுப்பே ஒரே குரலில் ஆங்கிலத்தில் கத்தியது. மழையே அரிதான அந்த ஊரில் குடைக்கு வேலையே இல்லை. அதுவும் போய், பள்ளி ஆய்வாளர் முதஸ்ஸிர் தலைநகரிலிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்தார். இனி வகுப்புக்குள் தாய்மொழி ஒரு சொல்கூடக் கூடாது.

"நீங்க பாவம் பாத்து அர்த்தம் சொல்றதாலதான் இதுங்க தேற மாட்டேங்குதுங்க, டீச்சர்."

புஸைனாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. வாதாடத் தெம்பில்லை. "சரி, அரபு இனிமே வெளியிலயே நிக்கட்டும்" என்று வாசலில் நின்று அலுப்போடு சொன்னாள். அது அப்படியே வெளியில் நின்றுவிட்டது.

மறுநாளிலிருந்து அறை அடங்கிப்போனது. நாலு வார்த்தை தெரிந்தவர்கள் அந்த நாலைச் சொன்னார்கள். மற்றவர்கள் வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். முதஸ்ஸிர் வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார். சிறுமிகள் எதுவும் கற்கவில்லை என்பது புஸைனாவுக்குத் தெரியும். ஆனாலும் இத்தனை வருட இரைச்சலுக்குப் பிறகு அந்த அமைதி அவளுக்குப் பிடித்திருந்தது. தொண்டையும் ஆறியது.

கோடை முடியும் சமயம் ஒரு காலையில் கடைசி வரிசை இக்லாஸ் எழுந்து நின்று அழுதாள். அந்த வகுப்பில் அழுகை புதிதல்ல. குனிந்து தன் காலைத் தொட்டாள். நெருக்கியடித்த பெஞ்சுகளுக்கிடையில் புஸைனாவுக்கு அது தெரியவில்லை. பாடப்புத்தகத்தில் பனியும் நரியும் இருந்தன, தேள் இல்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல் குடை. குடை, குடை என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். உச்சரிப்பு சரியாக இருந்ததால் புஸைனா தலையாட்டி, உட்காரும்படி கை காட்டினாள். இக்லாஸ் சரிந்து விழுந்த பிறகுதான் வாரியெடுத்துக்கொண்டு ஓடினாள். வாசலைத் தாண்டியதும் பிள்ளையின் தொண்டையிலிருந்து அவ்வளவும் ஒரேயடியாகக் கொட்டியது: "தேளு! டீச்சர், தேளு கொட்டிருச்சு!"

உயிர் பிழைத்தாள். ஆனால் ஊன்றி நடக்க நாளாயிற்று.

அவள் அம்மா சித்தானா, பேருந்து நிலையத்தில் தேநீர் விற்பவள், தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். "எங்கடி அந்த டீச்சரு? எம்புள்ள செத்துக்கிட்டிருக்கு, உக்காருன்னு சொன்னாளாமே! அவ மட்டும்..." ஒரு கால் உள்ளே வைத்ததும் குரல் அறுந்தது. திட்டுவதற்கு வாய் திறந்தபடியே நின்றாள். நெஞ்சில் அடித்துக்கொண்டாள். புஸைனாவிடம் ஆறுதல் சொல்ல ஆங்கிலம் நிறைய இருந்தது. சித்தானாவுக்கு அதில் ஒன்றும் புரியாது. புஸைனா அவள் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தாள்.

சித்தானா மூச்சு வாங்கினாள். திட்ட வந்தது மறந்துவிட்டது. "உள்ள எம்பொண்ணுக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமாக்கா."

"தெனமுமா?"

"தெனமும்தான்."

"அப்புறம் ஏன் டீச்சர் உள்ளயே வச்சிருந்தீங்க?"

"சத்தமில்லாம இருந்துச்சுக்கா. அலுத்துப் போயிருந்தேன்."

நாளெல்லாம் அடுப்பின் முன் உட்காரும் சித்தானாவுக்கு அலுப்பென்றால் என்னவென்று தெரியும். மன்னித்தாள் என்றும் சொல்ல முடியாது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள்.

மறுநாள் புஸைனா பெஞ்சுகளை வேப்பமரத்தடிக்கு இழுத்துப்போட்டாள். தேள், காய்ச்சல், வலிக்கிறது, புரியவில்லை: இவற்றை முதலில் அரபிலும் பிறகு ஆங்கிலத்திலும் சொல்லிக்கொடுத்தாள். இரைச்சல் திரும்பி வந்தது, தொண்டைக் கட்டும் கூடவே வந்தது. முதஸ்ஸிர் மாற்றலாகி, கூடிப் பேசி விளையாடிக் கற்கும் முறையோடு இன்னொருவர் வந்தார். மரத்தடியைச் சுற்றிப் பார்த்து, "இது எந்த முறைங்க, டீச்சர்?" என்று கேட்டார்.

"பேரெல்லாம் இல்லீங்க. இங்க காத்து வருது" என்றாள்.

அறையைச் சரிசெய்ய யாரும் முயலவில்லை. தலைமையாசிரியை அங்கே இரண்டு நாற்காலிகளும் ஒரு மண்பானையும் போட்டுவைத்தார். மற்ற ஆசிரியைகள் களைத்துப்போனால் போய் உட்கார்ந்து வருவார்கள். உள்ளே யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாது. புஸைனா மட்டும் போவதில்லை. ஆங்கிலம் தெரிந்த அவளுக்கு அங்கேயும் பேச்சு வந்துவிடும்.