மூன்றாவது கம்பி

மாலை நான்கு பத்து. ஆறு மணிக்குள் டிரேவர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். காலையில் இடது கை நடுவிரலில் ஆபரேஷன். பிறகு விரல் மடங்குமா என்று கேட்டதற்கு டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். டிரேவரிடம் புது மெட்டு ஒன்று இருந்தது. அதை இன்றே பதிவு செய்தாக வேண்டும்.

பெங்களூர் ஈஜிபுராவில் அவருடைய ரசிகன் யுவன் தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தான். வெறுங்கையோடு வந்தால் போதும் என்றிருந்தான். கோலார் தங்கவயலிலிருந்து கூட்டமான ரயிலில் டிரேவர் அப்படியே வந்தார்.

யுவன் கிட்டாரை இரண்டு கைகளாலும் நீட்டினான். ஐந்து கம்பிகள்தான் இருந்தன.

"இன்னாடா இது? மூணாவது ஸ்ட்ரிங் எங்க?"

"கழட்டிட்டேன் அங்கிள். நீங்க வாசிக்கிற மாதிரி."

முப்பத்தைந்து வருடம் முன்பு டிரேவரின் குழு போஸ்ட் பங்க் என்ற ராக் இசை வகையில் ஒரே ஒரு கேசட் போட்டது. பதிவன்று மூன்றாவது கம்பி அறுந்தது. தங்கவயலில் வேறு கிடைக்கவில்லை; மீதி ஐந்திலேயே வாசித்து முடித்தார். அந்த ஓட்டைச் சத்தத்தைத்தான் பெங்களூர்ப் பிள்ளைகள் இன்னமும் வாசிக்கிறார்கள்.

"அறுந்து போச்சுடா. அவ்ளோதான். இந்தப் பாட்டுக்கு அது வேணும். மாட்டு."

"இல்லையே அங்கிள். செட் வாங்குனதும் அத மட்டும் தூக்கிப் போட்டுடுவேன்."

யுவன் நண்பன் பிரசன்னாவைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

"மூணாவதா? டிரேவர் அங்கிளே போடாதத நான் ஏன் மச்சான் போடணும்?"

"டேய், நான்தான்டா டிரேவர்!"

"யார்ரா அது? நல்லா மிமிக்ரி பண்றான்."

டிரேவர் போனைப் பிடுங்கி அணைத்தார். நான்கு நாற்பது. கடைக்குப் போய்வர இந்த டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் ஆகும்.

"மாடியில அம்மாவோட ஜெப கிட்டார் இருக்கு. அதுல ஆறும் இருக்கும். ஆனா..."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"அது ரொம்ப சுத்தமா கேக்கும் அங்கிள்."

யுவனின் அம்மா மெர்சி தானே கொண்டுவந்து கொடுத்தாள். "ஞாயித்துக்கெழம ஆராதனைக்கு வேணும். பாத்து."

டிரேவர் விரல் கட்டைப் பிரித்தார். ஒரே முறை வாசித்தார். நான்கு நிமிடம். விரல் இரண்டு இடத்தில் வலித்தது. நிறுத்தவில்லை. மெர்சி மாடிக்குப் போகாமல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

யுவன் ஹெட்ஃபோனைக் கழற்றினான்.

"சூப்பரா இருக்கு அங்கிள். தப்பா நெனைக்காதீங்க. உங்க பேர்ல போட்டா பசங்க நம்ப மாட்டாங்க. வேற பேர்ல விடலாமா?"