நீங்க எந்த ஊருங்க?

எங்கள் வீட்டில் வாயைக் கட்டத் தெரிந்த ஆள் ஒருத்திதான். எட்டாம் வகுப்பு படிக்கிற என் தங்கை தமிழ்ப்ரியா. அப்பா மெதுவாகப் பேசினாலே பக்கத்து வீட்டில் பதில் சொல்வார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டால் மனதில் இருப்பதெல்லாம் வாய்க்கு வந்துவிடும். அம்மாவைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கதையே.

தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூரிலிருந்து மைசூருக்கு வந்து, மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் குடியிருக்கிறோம். அப்பா செந்தில்நாதனுக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. அம்மா மாதேவி வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். நான் மனிஷா, பி.காம். கடைசி வருடம்.

அம்மாவின் போனில்தான் தமிழ்ப்ரியா விளையாடுவாள். ஊர் கட்டும் விளையாட்டு. மைசூர், கொள்ளேகால், ஈரோடு என்று எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒருவன் பாலம் கட்ட, இன்னொருத்தி பஸ் ஸ்டாண்டு கட்ட, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பார்கள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தாரணி என்கிற பெண்தான் குழுவை நடத்துகிறாள்.

அங்கே என் தங்கையின் பெயர் மழைத்தவளை. நிஜப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தின் பெயர் அவள் வாயிலிருந்து வராது. ஒரு போட்டோ போடுவதற்குள் பின்னால் கடை போர்டு தெரிகிறதா, யூனிஃபார்ம் தெரிகிறதா என்று ஆயிரம் தடவை பார்ப்பாள். ஒரு பொடியன் "நாளைக்கு எங்க வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க" என்று குழுவில் அறிவித்தபோது, தனியே அழைத்து அவன் அழுகிற அளவுக்குத் திட்டினாள். பிறகு சமாதானத்துக்கு விளையாட்டிலேயே ஒரு மாடு வாங்கிக் கொடுத்தாள்.

இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் தாரணி அவளுக்குக் காவல்காரி பதவி தருவதாகச் சொல்லியிருந்தாள். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு எப்படிப் பத்திரமாக இருப்பது என்று சொல்லித்தரும் வேலை. வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் வகுப்பு. அந்த வாரம் முழுக்க என் தங்கை வீட்டுக்குள் ஹெட்மிஸ்ட்ரஸ் நடை நடந்துகொண்டிருந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் அவளுக்குத் தனியாக ஒரு மெசேஜ் வந்தது. குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த 'காவேரி அக்கா' அனுப்பியது.

"தமிழ்ப்ரியா கண்ணு, சனிக்கிழமை அப்பாவுக்குப் பகல் ஷிஃப்ட்தானே? உங்க சந்து முனையில வந்து நில்லு. அரண்மனை பார்க்கக் கூட்டிட்டுப் போறேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லாதே, ரகசியம்."

அதை உடனே என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். பதில் போடவில்லை, அழிக்கவும் இல்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து தாரணிக்கு அனுப்பினாள். அப்பா வந்ததும் அவரிடமும் காட்டினாள். மற்றவர்களுக்குச் சொல்லித்தர வைத்திருந்ததை எழுத்துப் பிசகாமல் தானே செய்தாள். அதற்குக் கிடைத்த மரியாதையைக் கேளுங்கள்.

"பேரு, சந்து, ஏன், என்ற ஷிஃப்ட்டு வரைக்கும் தெரிஞ்சிருக்குது. நீ சொல்லாம வேற ஆரு சொன்னது?" என்றார் அப்பா.

"தேவராணே நான் சொல்லலப்பா." விஷயம் பெரிதானால் அவளுக்குக் கன்னடத்தில்தான் சத்தியம் வரும்.

போன் பீரோவுக்குள் போனது. சாவி அப்பாவின் சட்டைப்பையில். என் போனுக்கு தாரணியின் மெசேஜும் வந்தது. நல்லவிதமாகத்தான் எழுதியிருந்தாள். வீட்டு விவரத்தை வெளியே விட்டவர் காவலுக்கு நிற்கக் கூடாது என்பது குழுவின் சட்டமாம். எப்படி வெளியே போனது என்று தெரியும்வரை பதவி நிறுத்திவைப்பு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மூடி மறைச்சிருந்தா போன் அவ கையிலயே இருந்திருக்கும். வந்து சொன்னதுக்குத் தண்டனையா? இனிமே எதையாச்சும் நம்மகிட்ட வந்து சொல்லுவாளாப்பா?" என்று கேட்டேன்.

"நீ சும்னே இரு" என்றார் அப்பா. தமிழ்ப்ரியா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பதவி போனதைவிட, யாரும் நம்பவில்லை என்பதுதான் அவளுக்கு வலித்தது. பார்க்கவே பாவமாக இருந்தது.

தைத்த ஜாக்கெட்டுகளைக் கொடுக்கப் போயிருந்த அம்மா அப்போதுதான் உள்ளே வந்தாள். தாரணி என் போனுக்கு அனுப்பியிருந்த ஸ்கிரீன்ஷாட்டை வைத்து நான் மெசேஜைப் படித்துக் காட்ட ஆரம்பித்தேன். பெயரைக் கேட்டதுமே அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அட, காவேரியா? அது நம்மூருப் புள்ளைங்க."

"உனக்கெப்படித் தெரியும்?" என்றார் அப்பா.

"பேசினேனுங்களே."

போன வாரம் தமிழ்ப்ரியா போனை மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறாள். போனுக்குள்ளிருந்து ஒரு தமிழ்க் குரல். பகலெல்லாம் கன்னடத்தில் அளவெடுத்து, கன்னடத்தில் பேரம் பேசுகிறவள் அம்மா. காதில் தமிழ் விழுந்தால் தையல் மெஷினில் கால் நின்றுவிடும். பஸ்ஸானாலும் ஆஸ்பத்திரி வரிசையானாலும் "நீங்க எந்த ஊருங்க?" என்றுதான் ஆரம்பிப்பாள். அடுத்து எந்த வீதி, யார் வீட்டுப் பிள்ளை, குலசாமி எது என்று போய், பஸ் நிற்பதற்குள் ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்துவிடுவாள். நாம் கேட்டால் நம்முடையதையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவு.

அப்படித்தான் காவேரியிடமும் சொல்லியிருக்கிறாள். பிள்ளைகள் பெயர், சந்து, அப்பாவின் ஷிஃப்ட், எல்லாம். "வூட்டுக்கு வா கண்ணுன்னும் கூப்பிட்டேன். வரேன்னுச்சு" என்றாள்.

அப்பா பீரோவைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தமிழ்ப்ரியா மட்டும் சிரிக்கவில்லை.

"ஸ்கூல் பேரைக்கூட ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லம்மா நான். நீ ரேஷன் கார்டையே படிச்சுக் காட்டிட்டியே."

"நம்மூருப் புள்ள தப்பா ஒண்ணும் பண்ணாது, கண்ணு."

"ஊர் பேரை அவ முதல்ல சொன்னாளா, நீ சொன்னியா?"

அம்மா யோசித்தாள். "ஹனூருப் பக்கமா கண்ணுன்னு நாந்தான் கேட்டேன். ஆமாங்க்கான்னுச்சு."

நான் தாரணியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் மற்ற வீடுகளில் விசாரித்தாள். அதே காவேரி ஈரோட்டு வீட்டில் ஈரோட்டுக்காரியாம், கொள்ளேகால் வீட்டில் கொள்ளேகால்காரியாம்.

அதைக் கேட்டதும் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சந்து முனையில போயி நின்னிருந்தா?" என்று தமிழ்ப்ரியாவை இழுத்துக் கட்டிக்கொண்டு அழுதாள். என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

அப்பா பீரோவைத் திறந்து போனை எடுத்துத் தமிழ்ப்ரியாவிடம் கொடுத்தார். "தப்பு எங்க மேல, அம்மணி" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. மறுநாள் காலையில் அப்பாவும் நானும் போய் போலீசில் ஸ்கிரீன்ஷாட்டோடு புகார் கொடுத்தோம். தாரணி காவேரியைக் குழுவிலிருந்து நீக்கினாள். சனிக்கிழமை அப்பா லீவு போட்டுவிட்டுத் தெரிந்தவர்கள் சிலரோடு சந்து முனையில் நின்றார். எவரும் வரவில்லை. டீக்கடைக்காரருக்கு மட்டும் நல்ல வியாபாரம்.

பதவியும் திரும்பி வந்தது. ஆனால் புதிய காவல்காரி ஒரு நிபந்தனை போட்டாள். ஞாயிறு வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் பக்கத்தில் அம்மாவையோ அப்பாவையோ உட்காரவைத்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தொண்டையைக் கனைத்து ஆரம்பிப்பதற்குள் ஒரு தாய் தன் பையனை அதட்டிய சத்தம் கேட்டது. உடனே இன்னொரு குரல், "ஏனுங்க, நீங்க ஈரோடுங்களா?" என்றது. "பெருந்துறைங்க." "எங்க நாத்தனாரை அங்கதான் குடுத்திருக்குதுங்க." அவ்வளவுதான், அத்தனை அம்மாக்களும் ஒரே நேரத்தில் பேசக் கிளம்பிவிட்டார்கள்.

"அம்மாக்கள் எல்லாம் மியூட்" என்று தமிழ்ப்ரியா ஒரே தட்டில் அத்தனை வாயையும் அடைத்தாள்.

"முகம் தெரியாதவங்களுக்கு ஊர் பேரை நாமளே எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவங்களே சொன்னாலும் உடனே நம்பிட வேண்டாம். ரகசியமா வெச்சுக்கோன்னு யாராச்சும் சொன்னா, அதைத்தான் முதல்ல வீட்ல சொல்லணும். வந்து சொல்ற பிள்ளைகிட்டருந்து போனைப் புடுங்கக் கூடாது." கடைசி வரியைச் சொல்லும்போது அப்பாவைப் பார்த்தாள். அவர் மின்விசிறியை மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

பிறகு பரீட்சை. ஒவ்வொரு வீடாக மியூட்டை எடுக்க, தாரணி யாரோ போலக் குரலை மாற்றிக்கொண்டு பேச வேண்டும். முதலில் எங்கள் வீடு.

"ஏனுங்க்கா, குரலைக் கேட்டா எங்க அக்கா பேசற மாதிரியே இருக்குதுங்க. நீங்க எந்த ஊருங்க?"

பரீட்சை என்று தெரிந்தும் அம்மாவின் உதடு அசைந்தது. மடியிலிருந்த துணியைக் கசக்கிப் பிடித்தாள். தும்மலை அடக்குகிறவள் மாதிரி இருந்தது.

"அதெல்லாம் சொல்றதுக்கில்லீங்க" என்றாள் ஒருவழியாக.

தமிழ்ப்ரியா சட்டென்று மியூட் போட்டாள். அம்மா அவள் காதருகே குனிந்தாள்.

"இப்படிச் சொன்னா ஆரா இருந்தாலும் கோவிச்சுக்குவாங்களே, கண்ணு."

"கோவிச்சுக்கட்டும்மா."