மிளகுக்குப் பத்தியம்

மிளகுக்கு வயிறு சரியில்லை என்பது அடி அண்ணாமலையில் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்த சங்கதி. மிளகு எங்கள் வீட்டு நாய். மூக்கு முதல் வால் நுனி வரை ஒரு வெள்ளை மயிர் கிடையாது, அதனால் அந்தப் பெயர். வயது ஐந்து. நான் வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். பெயர் அருணகிரி. ஓய்வுக்குப் பிறகு எனக்கு மிஞ்சிய ஒரே சிப்பந்தி இந்த மிளகுதான். உட்கார் என்றால் உட்காருவான், வா என்றால் வருவான். அவன் வயிறு மட்டும் என் அதிகாரத்துக்குக் கட்டுப்படவில்லை.

மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் வந்துவிடும். முதலில் வாந்தி, பிறகு பேதி, பிறகு மூன்று நாள் கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடப்பான். முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம் போல இளைத்துப்போனான். இந்த ஊரில் மனிதனுக்கு வயிற்றுப்போக்கு என்றால் மாத்திரை போடு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நாய்க்கு என்றால் எல்லாருமே வைத்தியர்கள். ஓமத் தண்ணி கொடு என்றார் ஒருவர். சுண்டைக்காயை வறுத்துப் பொடி பண்ணிப் போடு என்றார் இன்னொருவர். உடம்புச் சூடு என்று நானே முடிவு செய்து ஒரு வாரம் தயிர் சோறு போட்டேன். அதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. டவுனில் பெரிய பை நாய்த்தீனி வாங்கி வந்து போட்டேன். மோந்து பார்த்துவிட்டு, இதை எனக்குத் தந்தவன் நீதானா என்பதுபோல என்னைப் பார்த்தான்.

கடைசியில் டவுனில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் உம்மே ஹானியிடம் நானும் என் மனைவியும் கூட்டிக்கொண்டு போனோம். முப்பது வயதுகூட இருக்காது. ரத்தம் எடுத்தார், ஸ்கேன் பார்த்தார், அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார். எனக்கு அந்த வரிசையே பிடித்துப்போனது.

"கணையம் வீங்கியிருக்கு சார். எண்ணெய், நெய், பால், இனிப்பு, எதுவும் இவனுக்கு ஆகாது. தோல் எடுத்த கோழியை உப்பில்லாம வேக வெச்சு ஒரு பங்கு. குழைய வடிச்ச சோறு ரெண்டு பங்கு. மசிச்ச பரங்கிக்காய் ரெண்டு ஸ்பூன். நாலு வேளையா பிரிச்சுக் குடுங்க."

"காலத்துக்கும் இதேவா டாக்டர்?"

"இல்ல சார், இதையே குடுத்தா சத்து கம்மியாயிடும். வயிறு அடங்கட்டும். அப்புறம் சுண்ணாம்புச் சத்து, மீன், எல்லாம் ஒண்ணொண்ணா சேர்ப்போம். ஒரே நாள்ல எதையும் மாத்தக் கூடாது." பேனாவை மூடி வைத்தார். "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இன்னும் ரெண்டு மூணு தடவை இப்படி வந்துச்சுன்னா, காப்பாத்திடலாம்னு நான் வாக்கு குடுக்க முடியாது."

வீட்டுக்கு வந்ததும் ஒரு நீளமான நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். தேதி, நேரம், உணவு, அளவு, கழிவின் தன்மை, குறிப்பு. காலையில் மிளகுவை வெளியே கூட்டிப்போய் வந்ததும் ஐந்தாவது பத்தியில் 'திருப்திகரம்' என்று எழுதி இனிஷியல் போடுவேன். என் மனைவி சந்திரகலா கோழியை வேக வைத்து, பரங்கிக்காயை மசித்து, அளந்து கிண்ணத்தில் வைப்பாள். அவன் தின்னும்வரை பக்கத்திலேயே குந்தியிருப்பாள். பேதி வந்த நாட்களில் அவனைத் துடைத்துவிடுவதும் அவள்தான். நான் எழுதுவதோடு சரி.

மூன்று வாரம் எல்லாம் திருப்திகரம். நாலாவது வாரம் பழையபடி வாந்தி, பேதி, கட்டிலுக்கு அடி.

எனக்கு உடனே பௌர்ணமி மேல்தான் சந்தேகம் வந்தது. எங்கள் வீட்டுக்குப் பத்தடி தள்ளித்தான் கிரிவலப் பாதை. லட்சம் பேர் நடப்பார்கள், அந்த லட்சம் பேருக்கும் வழி நெடுக அன்னதானம் நடக்கும். மிச்சம் பொங்கலும் புளியோதரையும் தொன்னையோடு ரோட்டில் கிடக்கும். ஆகவே அடுத்த பௌர்ணமிக்கு மிளகுவை உள்ளறையில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு, நானே நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்தேன். பௌர்ணமி நல்லபடியாகப் போனது. அந்தப் பெருமையை நோட்டில் அரைப்பக்கம் எழுதினேன். ஒன்பதாம் நாள் ரத்தத்தோடு போனது. அதற்கடுத்த மாதமும் அப்படியே. அவன் தலையைத் தூக்கக்கூட முடியாமல் கண்ணை மட்டும் உருட்டி என்னைப் பார்த்தபோது, எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

உம்மே ஹானி என் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"சார், பௌர்ணமியை விடுங்க. மூணு மாசமும் அது முடிஞ்சு எட்டு, ஒம்போது நாள் கழிச்சுத்தான் வந்திருக்கு. அன்னிக்கு உங்க ஊருல ஏதாவது விசேஷமா? எனக்குத் தெரியல, நீங்கதான் சொல்லணும்."

"அப்படி ஒண்ணும் இல்லையே டாக்டர்" என்றேன், பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் குரலில்.

வீட்டுக்கு வந்து தினசரி காலண்டரைப் பார்த்தேன். தேய்பிறை அஷ்டமி. பைரவருக்கு உகந்த நாள். பைரவரின் வாகனமோ வாலை ஆட்டிக்கொண்டு என் காலடியில் நின்றிருந்தது.

அடுத்த அஷ்டமி ஞாயிற்றுக்கிழமை வந்தது. நாலரை முதல் ஆறு வரை ராகுகாலம், பைரவருக்குப் படைக்கும் நேரம். டவுனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பி, வெளிப்படிக்கட்டு வழியாக என் வீட்டு மொட்டை மாடிக்கே ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அறுபத்தோரு வயதில் சொந்த வீட்டில் திருடனைப்போல் ஒளிந்திருந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நாலே முக்காலுக்கு பைக்கில் ஒருவர் வந்தார். முன்பின் பார்த்திராத முகம். கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றினார். மிளகு அதற்கு முன்பே கேட்டருகே போய் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். கம்பி இடுக்கில் மெதுவடை ஒவ்வொன்றாக உள்ளே வந்தது. அடுத்து ஒரு அம்மாள், பால் பாக்கெட்டும் ரொட்டியும். அடுத்து கணவன் மனைவியாக இரண்டு பேர், நெய் மணக்கும் சர்க்கரைப் பொங்கல். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குவார்களே, அப்படி எல்லாருடையதையும் பொறுமையாக வாங்கிக்கொண்டான். என் சர்வீஸில் நான் பார்த்த எந்த அதிகாரியும் இப்படி நிலுவையில்லாமல் வேலை செய்ததில்லை.

எதிர்வீட்டுத் தங்கம்மாள் தூக்குவாளியோடு வந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. படியில் தடதடவென்று இறங்கி ஓடினேன்.

"இன்னா சார், டவுனுக்குப் போவல?" என்றார் தங்கம்மாள், ஒன்றுமே நடக்காததுபோல்.

"என்னம்மா பண்றீங்க நீங்கள்லாம்? நாயைக் கொல்லப் பார்க்கறீங்களா?"

"ஐயையோ, பரிகாரம் சார். பையனுக்கு முப்பத்தாறு ஆவுது. முழுக் கறுப்பு நாய்க்குத்தான் வெக்கணும்னு ஜோசியரு சொல்லிட்டாரு. இந்தப் பக்கம் எல்லா நாயும் காலு வெள்ளை, கழுத்து வெள்ளை. சுத்தக் கறுப்பு உங்க மிளகு ஒண்ணுதான்."

"அது வயித்தால போயி சாகக் கெடந்ததைப் பார்த்தீங்க இல்ல? போன மாசம் நீங்களே வந்து பார்த்தீங்களே!"

"பார்த்தேனே. அதான சார் விசேஷம்! நம்ம தோஷம் அது வழியா எறங்குது. ஜோசியருக்குப் போன் போட்டு, நாயிக்கு ரெண்டு நாளா போவுதுன்னு சொன்னேன். ரொம்ப நல்லதும்மான்னாரு. அடுத்த வாரமே ஒரு ஜாதகம் வந்துச்சு."

நான் எதை வியாதி என்று நோட்டில் எழுதி வந்தேனோ, அதைத் தெருவே பலன் என்று கொண்டாடியிருக்கிறது. மிளகு எவ்வளவு மோசமாகப் படுத்தானோ அவ்வளவு சக்தி வாய்ந்த நாய் என்று பெயர் பரவி, வேற்றூரிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்திருக்கிறார்கள். வாய்க்கு வந்தபடி கத்தினேன். ஜோசியரைத் திட்டினேன், தங்கம்மாளைத் திட்டினேன், பைக்காரர் கிளம்பிப் போன திசையைப் பார்த்தும் திட்டினேன்.

தங்கம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்களையே கேக்கறீங்களே, இத ஆரம்பிச்சு வெச்சதே உங்க வீட்டம்மாதான்!"

திரும்பினேன். வாசற்படியில் சந்திரகலா நின்றிருந்தாள். கையில் சின்னக் கிண்ணம், அதில் பால் சோறு.

உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். "நீயுமா? டாக்டர் சொன்னப்ப நீயும் பக்கத்துலதான நின்னே?"

"ஒரே ஒரு கரண்டிதாங்க. மாசத்துல ஒரு நாள் ஒரு கரண்டி என்ன பண்ணிடும்னு நெனச்சேன். வெச்சுட்டு உள்ள போயிடுவேன், இத்தனை பேரு வர்றாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"உனக்கு என்ன தோஷம்?"

கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "போன வருஷம் பஸ் ஸ்டாண்டுல மயங்கி விழுந்தீங்களே. சுகர் நானூறுன்னாங்க. காலை எடுக்கற மாதிரி ஆயிடும்னு பயமுறுத்தினாங்க. அன்னிக்கு நேர்ந்துக்கிட்டேன். இப்ப எவ்ளோ இருக்கு?"

"நூத்தி நாப்பது. நான் டெய்லி நடக்கறேன் இல்ல?"

"நடக்கறீங்க. நடந்து போயி பேக்கரியில நிக்கறீங்க. உங்க சட்டைப் பாக்கெட்டைத் தொவைக்கறது நானு. மைசூர்பாகு தூள் வரல? சொல்லுங்க, அப்புறம் எப்படிங்க கொறஞ்சுது?"

மாத்திரை என்று ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை. கட்டிக்கொண்டு வந்து முப்பத்து மூன்று வருடம் ஆகிறது, என்னை நினைத்து இவள் இப்படி பயந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அதற்கும் சேர்த்து அவளைத் திட்டினேன்.

மறுநாள் காலையில் மிளகு எழுந்திருக்கவில்லை. துணியில் சுற்றி ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். உம்மே ஹானி ஊசி குத்தி டிரிப் ஏற்றிவிட்டு, "யாரு சார் குடுத்தது?" என்றார்.

நான் தெருவைச் சொல்ல வாயெடுப்பதற்குள் சந்திரகலா, "நான்தாம்மா" என்றாள்.

டாக்டர் திட்டவில்லை. "அவனுக்கு இருக்கறது ஒரே வயிறும்மா. அதுல எத்தனை பேரோட வேண்டுதலத்தான் வெப்பீங்க?" என்று மட்டும் சொன்னார்.

மூன்று நாள் காலையில் கூட்டிப்போய் சாயந்திரம் கூட்டி வந்தோம். சந்திரகலா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, டிரிப் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் என் பக்கம் திரும்பாமலேயே கேட்டாள்: "நிறுத்திட்டா உங்களுக்கு மறுபடியும் ஏறிடுமாங்க?"

"ஏறாது" என்றேன். குரலில் உறுதி வரவில்லை. வாரத்துக்கு எத்தனை மைசூர்பாகு என்பது எனக்கல்லவா தெரியும்.

மிளகு பிழைத்துக்கொண்டான். முதலில் கஞ்சித் தண்ணீர், பிறகு ஒரு ஸ்பூன் பரங்கிக்காய், பிறகு நகத்தளவு கோழி. மெதுவாக வால் ஆடத் தொடங்கியது. நான் அடுத்த அஷ்டமிக்கான ஏற்பாடுகளில் இறங்கினேன். கேட்டுக்குத் தகடு அடிப்பதா, 'நாய்க்கு உணவளிக்கத் தடை' என்று போர்டு வைப்பதா, அன்று ஒருநாள் நாயோடு வேலூருக்கே போய்விடுவதா என்று யோசித்து யோசித்து, வழக்கம்போல எதையும் முடிவு செய்யவில்லை.

அஷ்டமியன்று சாயந்திரம் கேட்டருகே பேச்சுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். வெளியே தங்கம்மாள், பைக்காரர், இன்னும் நாலைந்து பேர், எல்லார் கையிலும் ஏதோ ஒரு பாத்திரம். உள்ளே சந்திரகலா, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டை மறித்து நின்றிருந்தாள். அவள் காலுக்குப் பின்னால் மிளகு.

"சாருக்காக நேர்ந்துக்கிட்டியே சந்திரா, பாதியில நிறுத்தினா சாருக்கு ஆவாதுடி" என்றார் தங்கம்மாள்.

"ஆவாட்டி போவட்டும்க்கா" என்றாள் சந்திரகலா. "அவருக்கு என்னா வந்தாலும் வாயத் தொறந்து சொல்லுவாரு. டாக்டர்கிட்ட அவராவே நடந்து போவாரு. இது என்னா பண்ணும்? வலிக்குதுன்னு சொல்லுமா? வேணாம்னு சொல்லுமா? அவரு அவரைப் பார்த்துக்கட்டும். இனிமே இது வாயில யாரும் எதுவும் வெக்கக் கூடாது. போங்க."

கேட்டுக்கு வெளியே இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். வேலையிலிருந்து நீக்கப்பட்டவனைப் பார்க்கிற பார்வை அது. பைக்காரர் பரிதாபத்தோடு எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். நான் கேட்டது நடந்துவிட்டது, நாய் பிழைத்துவிட்டது, சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் என்னையும் நாயையும் தராசில் வைத்து, என்னை இறக்கிவிட்டாள் என்பதும் சுருக்கென்று தைத்தது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பு என்று சொல்ல முடியவில்லை, அதுதான் கஷ்டம்.

ஆறு மணிக்கு நடக்கப் போனேன். என்னைக் கண்டதும் பேக்கரிக்காரர் கேட்காமலேயே காகிதத்தில் இரண்டு துண்டு வைத்து மடித்தார்.

"வேணாம்பா" என்றேன்.

"இன்னா சார், டாக்டர் திட்டிட்டாங்களா?"

"இல்லப்பா. இத்தனை நாளா நான் தின்னதுக்கு எங்க வீட்டு நாயி கஷ்டப்பட்டுச்சு. இனிமே நான்தான் படணும்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மடித்ததைப் பிரித்துத் தட்டிலேயே திரும்ப வைத்தார். நான் வெறும் வாயோடு வீட்டுக்கு நடந்தேன்.