பதினைந்துக்கு முன் வந்த பணம்

கடிதம் ஒரு பக்கம்தான். ஆனால் அதை மூன்று முறை படித்த பின்னும், அதில் குற்றம் சாட்டப்பட்டிருப்பவர் தாம்தான் என்பதைத் தையல்காரரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பெயர் சரியாக இருந்தது. கிரெடிட் கார்டின் கடைசி நான்கு இலக்கங்களும் சரியாக இருந்தன. செய்தி மட்டும் வேறு யாருக்கோ எழுதியது போலிருந்தது. சலுகைத் திட்டத்தின்படி கட்ட வேண்டிய தவணைகளில் இரண்டை அவர் கட்டவில்லையாம். மூன்றாவதும் ஐந்தாம் தேதிக்குள் வந்து சேராவிட்டால் திட்டம் ரத்தாகும். மீதமுள்ள ஒரு லட்சத்துச் சொச்சத்தை வட்டியோடு ஒரே மூச்சில் கட்டியாக வேண்டும். அன்று தேதி மூன்று.

"மதிப்புக்குரிய வாடிக்கையாளர்னுதான் ஆரம்பிச்சிருக்காங்க," என்றார் மனைவியிடம். "அப்புறம் எங்கயுமே அந்த மதிப்பைக் காணோம்."

எதிரே அமர்ந்து சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்த மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"கட்டினீங்களா, இல்லையா?"

"கட்டாம? மூணு மாசமா வீட்ல காய்கறி வாங்காம எங்க போச்சு பணம்?"

அவளுக்கும் அது தெரியும். கத்தரிக்கோல் இருந்த இழுப்பறையிலிருந்து அவர் ரசீதுகளை எடுத்து மேசையில் பரப்பினார். இரண்டாயிரம், மூவாயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்று துண்டு துண்டாகக் கட்டியிருந்தாலும் மாதக் கூட்டுத்தொகை ஏழாயிரம் பிசகாமல் வந்தது. மூன்று மாதங்களுக்கும் வந்தது.

கடன் ஒரு பள்ளிச் சீருடையால் வந்தது. இருநூறு பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தபோது, அவர் துணி முழுவதையும் கார்டில் வாங்கினார். பாதி வெட்டுவதற்குள் பள்ளி நிர்வாகம் மாறியது. நிர்வாகத்தோடு சீருடையின் நிறமும் மாறியது. அந்தக் கட்டம் போட்ட வெளிர்நீலத் துணியை வேறு எவரும் உடுத்த விரும்பவில்லை. எட்டு மாதங்கள் குறைந்தபட்சத் தொகையை மட்டுமே கட்டிவந்தார். கட்டக் கட்டக் கடன் வளர்ந்தது. கடைசியில் மனைவிதான் அவரை வங்கிக்கு இழுத்துச் சென்று, நொடித்துப்போனவர்களுக்கான திட்டத்தில் சேர்த்தாள். வட்டியை நிறுத்திவைத்து, மாதம் ஏழாயிரமாக இருபது மாதங்களில் தீர்த்துக்கொள்ள வங்கி சம்மதித்தது. அந்தத் திட்டம்தான் இப்போது கைநழுவிக்கொண்டிருந்தது.

மதியம் மனைவியின் தம்பி வந்தான். பள்ளி வேன் ஓட்டுபவன். ஆனால் எதையும் வாதிட்டே பேசுவதால் குடும்பத்தில் அவனுக்கு வக்கீல் என்று பெயர். கடிதத்தையும் ரசீதுகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மாமா, நீங்க கட்டினேன்னு சொல்றீங்க. பேங்க் கட்டலன்னு சொல்லுது. ரெண்டுல ஒருத்தர் பொய் சொல்லணும். பேங்குக்குப் பொய் சொல்ல நேரம் இருக்காது."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"உங்களுக்கும் அந்தத் திறமை இல்ல. அதான் எனக்கே குழப்பமா இருக்கு."

"நீ வேனை ஓட்டுடா, போதும்," என்றாள் அக்கா. "என்னங்க, நாளைக்குக் கடையை மூடிட்டு நேர்ல போயிடுவோம்."

வங்கியில் அவர்களை விசாரித்த அதிகாரி இளம்பெண். ரசீதுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். கணினியில் எதையோ சரிபார்த்தாள். மீண்டும் முதல் ரசீதுக்குத் திரும்பினாள்.

"பத்து, பன்னெண்டு, பதிமூணு... சார், எல்லாத்தையும் பதினஞ்சாம் தேதிக்கு முன்னாடியே கட்டியிருக்கீங்களே?"

"ஆமா மேடம். பதினஞ்சுக்குத்தானே நீங்க பில் அனுப்பறீங்க? அதுக்கு முன்னாடியே கட்டிடுவேன்." அவர் குரலில் சிறிது பெருமிதமும் இருந்தது. "எங்க தொழில்ல அளவு எடுக்கும்போது பாதி குடுப்பாங்க. போட்டுப் பாக்க வரும்போது கொஞ்சம், துணி வாங்கும்போது மீதி. பில் எழுதின பிறகும் காசு குடுக்காதவனைத்தான் நாங்க கடன்காரன்னு சொல்லுவோம்."

அதிகாரி பேனாவை மூடி வைத்தாள். அவள் விளக்கியது இதுதான்: பதினைந்தாம் தேதி பில் உருவாகும். அன்று முதல் அடுத்த மாதம் ஐந்தாம் தேதி வரை வரும் பணம் மட்டுமே அந்தப் பில்லுக்குரிய தவணையாகப் பதிவாகும். முன்கூட்டி வந்த பணம் மொத்தக் கடனிலிருந்து கழிக்கப்பட்டுவிட்டது. தவணையாக அதைக் கணினி அறியாது.

"அப்ப என் கடன் குறைஞ்சிருக்கா?"

"குறைஞ்சிருக்கு சார். இருபத்தோராயிரம்."

"நான் பணம் கட்டியிருக்கேன்."

"கட்டியிருக்கீங்க."

"ஆனா கட்டல."

"தவணை கட்டல சார்."

அவர் மனைவியைப் பார்த்தார். அவளோ, அந்நிய மொழியில் ஒரு சொல்லாவது பிடிபடுமா என்று காத்திருப்பவள் போல அதிகாரியின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒப்பந்தத்தை அவர் படிக்காமல் கையெழுத்திட்டவர் அல்ல. ஐந்தாம் தேதி கெடு என்பது அவர் மனத்தில் ஆழப் பதிந்திருந்தது. கெடுவுக்கு மூன்று வாரம் முன்பே கொடுப்பவன் மூன்று வார அளவுக்குக் கூடுதல் நாணயமானவன் என்பதே அவருடைய கணக்கு. அந்தக் கணக்கில் பிழை எங்கே நுழைந்தது என்பதுதான் விளங்கவில்லை.

"இப்ப என்ன செய்யணும்?" என்று மனைவி கேட்டாள்.

"நாளைக்குள்ள ஏழாயிரம் கட்டினா திட்டம் நிக்கும்."

"இந்த மாச ஏழாயிரம் போன மாசம் பன்னெண்டாம் தேதியிலேருந்து உங்ககிட்டதான் இருக்கு," என்றார் தையல்காரர். "எங்ககிட்ட அறுநூறு இருக்கு."

அதிகாரி சற்று யோசித்து, ஒரு படிவத்தை நீட்டினாள். அதில் கையெழுத்திட்டால் மூன்று தவணைகளையும் திட்டத்தின் இறுதிக்குத் தள்ளிவைக்கலாம். முன்பே கட்டிய இருபத்தோராயிரம் அங்கே ஈடாகிவிடும். ரத்து நடவடிக்கையும் நின்றுவிடும். அவர் மூச்சுவிட்டார். பிறகு படிவத்தின் முதல் வரியைப் படித்தார்: மேற்கண்ட தவணைகளைச் செலுத்தத் தவறினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கீழே காரணத்துக்கு நான்கு கட்டங்கள்: வேலை இழப்பு, நோய், குடும்பத்தில் மரணம், பிற.

"சீக்கிரம் கட்டினதுக்கு ஒரு கட்டம் இல்லையா மேடம்?"

"இல்ல சார். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"தவறினேன்னு நான் எப்படிப் போட முடியும்? முப்பது வருஷமா ஒரு துணிய ஒருநாள் தாமதமா குடுத்ததில்ல நான்."

"சார், இந்த வரியை மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. நீங்க கட்டினது எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும். நாளைக்கு உங்க இடத்துல வேற ஒருத்தர் உக்காந்தா இந்தத் தாள்தானே பேசும்?"

பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் தொண்டையைச் செருமினார். மனைவி படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, விரலால் வரிவரியாகத் தொட்டுப் படித்தாள்.

"தவறினேன்னு போடலன்னா லட்ச ரூபா. போட்டா ஒண்ணும் இல்ல. சரியா மேடம்?"

"சரிதான்."

"போடுங்க."

"நீயுமா?"

"நான் உங்களைச் சொல்லலைங்க. தாளைச் சொல்றேன். தாளுக்கு மானம் போனா போகட்டும், நமக்குக் கடை வேணும்."

அவர் 'பிற' என்ற கட்டத்தில் குறியிட்டார். அதன் எதிரே இருந்த சிறு இடத்தில், 'முன்னதாகக் கொடுத்துவிட்டேன்' என்று நெருக்கி எழுதினார். அதிகாரி பார்த்தாள்; அடிக்கச் சொல்லவில்லை. அதன் பிறகே அவர் கையெழுத்திட்டார். மேலே தவறினேன் என்றும் கீழே கொடுத்துவிட்டேன் என்றும் சொன்ன அந்தத் தாளில் வங்கி முத்திரை விழுந்தது. இரண்டில் எதை அது உறுதிப்படுத்தியது என்று அவருக்குப் புரியவில்லை.

அந்த மாதம் பதினோராம் தேதியே ஒரு விடுதிக்கு ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுத்ததில் ஏழாயிரம் முழுதாகச் சேர்ந்தது. கடையை ஒட்டிய ஒற்றையறை வீட்டில் அந்தப் பணத்தை எங்கே வைத்தாலும் அது அவர் கண்ணில் பட்டது. கையில் பணம் இருந்தும் கடனைக் கொடுக்காமல் உட்கார்ந்திருப்பது அவருக்கு முதல் அனுபவம். பன்னிரண்டாம் தேதி அதை மனைவியிடம் ஒப்படைத்து, தான் கேட்டாலும் தரக்கூடாது என்றார். வக்கீல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"கடன் குடுத்தவனைப் பாத்து ஒளியறவங்களைப் பாத்திருக்கேன் மாமா. கட்ட வேண்டிய பணத்தைப் பாத்து ஒளியறவர் நீங்க ஒருத்தர்தான்."

பதினான்காம் தேதி காலை, துணியில் கோடு போட்டுக்கொண்டிருந்தவர் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தார்.

"இன்னிக்கே கட்டிட்டா என்ன ஆகும்?"

"கட்டலன்னு ஆகும்," என்றாள் மனைவி.

"கட்டாம இருந்தா?"

"நாளன்னிக்குக் கட்டலாம்."

"நாளைக்குத்தானே பதினஞ்சு?"

"பில் எத்தனை மணிக்குப் போடுவாங்கன்னு யாருக்குத் தெரியும்? பதினாறு பத்திரம்."

அவர் தலையசைத்தார். புரிந்ததற்கான தலையசைப்பு அல்ல அது. சிறிது நேரம் கழித்து, பணம் பத்திரமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.