அப்பா பேரம் பேசிய படிப்பு

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. அக்கா ஒரு தாளில் போட்ட கணக்கில் பிறந்தது. அந்தத் தாளை அவளுடைய கைப்பையிலிருந்து எடுத்தேன். (திருடினேன் என்று எழுதி அடித்துவிட்டேன். முதல் பத்தியிலேயே உங்கள் நம்பிக்கையை இழக்க விருப்பமில்லை.)

விஷயம் இதுதான். வேளாண் வணிக மேலாண்மையில் இரண்டு வருட முதுநிலைப் படிப்பு. அக்காவுக்கு இடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். பணம் அப்பாவிடம் இருக்கிறது.

தொடக்கத்துக்கு மூன்று முயற்சி:

"வெங்காய வாசம் கமழும் அந்த மண்டியில்..." கமழுமாம். இதை எழுதியவன் மண்டிக்குள் கால் வைத்ததே இல்லை என்று தெரிந்துவிடும்.

"பெண்கல்வி என்பது ஒரு சமுதாயத்தின்..." இதைச் சொல்லிப் பேச்சுப் போட்டியில் ஒரு சோப்புப் பெட்டி வாங்கியிருக்கிறேன். ஒருமுறை போதும்.

"அப்பா எந்த எண்ணைப் பார்த்தாலும் குறைப்பார்." இது ஓடும்.

2

அப்பா வெங்காய மொத்த வியாபாரி. டாக்டர் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினால், மூன்று நாளுக்கு இறக்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். கோபமோ கஞ்சத்தனமோ இல்லை, கை தானாக அப்படிப் போகும்.

அக்கா ஆறு வருடமாக அந்த மண்டியில் இருக்கிறாள். மூட்டையைப் பிரித்து, நடுவிலிருந்து நாலு காயை எடுத்து அழுத்திப் பார்த்து, இந்த லோடு எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வாள். லாரிக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் எக்ஸ்ரே.

(அடிக்குறிப்பாக வர வேண்டியது: விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கும் நான் கல்லூரியில் தத்துவம் படிக்கிறேன். அதன் செலவுக்கும் வரவுக்கும் யாரும் தாள் எடுக்கவில்லை. அப்பா கேட்டது ஒரே கேள்வி: "ஹாஸ்டல்ல ஃபேன் இருக்காடா?")

3

அக்கா தன் கனவுகளை எல்லாம் நெஞ்சுக்குள் புதைத்துக்கொண்டு,

இந்த வாக்கியம் இங்கேயே நின்றதற்குக் காரணம், அக்கா பின்னால் நின்று படித்துவிட்டாள்.

"யாருடா புதைச்சா? நான் என்ன பொணமா?"

"கதைக்குக் கொஞ்சம் சோகம் வேணும்க்கா."

"வேணும்னா நீ அழு. நூறு மூட்டை வந்தா பதினெட்டு அழுகுது. கோல்டு ஸ்டோரேஜ் எப்படிப் போடறது, யாருக்கு எப்ப விக்கறதுன்னு கத்துக்கிட்டா அதை ஒம்போதாக்கலாம். இதுல நெஞ்சு எங்க வந்துச்சு?"

4

வியாழன் மதியம், லோடு இறங்கி முடிந்ததும், அக்கா தாளை அப்பாவின் மேசையில் வைத்தாள். கட்டணம் ஐந்து லட்சம். தங்க, சாப்பிட இரண்டு. இரண்டு வருடம் மண்டிக்கு வராததால் இழக்கும் சம்பளம் ஆறு. ஆகப் பதிமூன்று. அழுகல் பாதியானால் ஐந்து வருடத்தில் திரும்பிவிடும்.

அப்பா காதிலிருந்து பேனாவை எடுத்தார்.

"கட்டணம் அஞ்சா? உன் மார்க்குக்கு உதவித்தொகை குடுக்காம எங்க போவான்? நாலு போடு. சாப்பாட்டுக்கு ரெண்டா? தங்கத்தை வறுத்துப் போடறானா? ஒண்ணரை. அழுகல்ல ஒம்போது மூட்டை மிச்சமாகுமா? அதுல பாதிதான் நம்புவேன்."

"நம்புங்க."

"இது என்ன ஆறு லட்சம்?"

"என் சம்பளம்ப்பா. போனா வராதுல்ல."

அப்பா சிரித்தார். எதிராளியின் மூட்டையில் ஓட்டையைக் கண்டுபிடித்தவரின் சிரிப்பு.

"உனக்கு யாரும்மா சம்பளம் குடுத்தா?"

ஒரே கோடு. ஆறு லட்சம் போய்விட்டது.

பதிமூன்றை ஐந்தரைக்கு இறக்கியிருந்தார். வரவைப் பாதியாக்கிய பிறகும் ஐந்து வருடத்துக்குப் பதில் நாலே கால் வருடத்தில் போட்டது திரும்பிவிடும். மறுக்க உட்கார்ந்தவர் பேரம் பேசி வாங்கியே விட்டார்.

தராசடியில் நின்றிருந்த எடைக்காரர் எட்டிப் பார்த்தார். "நல்ல விலைக்கு முடிச்சிட்டீங்கண்ணே."

அக்கா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஆறு வருஷமா நான் பார்த்ததெல்லாம் சும்மாவாப்பா?"

"சும்மான்னு யாரு சொன்னா?"

"இப்பதானே அடிச்சீங்க."

5

இந்த இடத்தில் அப்பாவை அழ வைக்கப் பார்த்தேன். வெங்காய மண்டியில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் வரும் தண்ணீரை நீங்கள் நம்பப் போவதில்லை.

முடிவு ஒன்று: அப்பா கோட்டை அழித்து ஆறு லட்சத்தைத் திரும்ப எழுதுகிறார். அக்காவின் உழைப்புக்கு மதிப்பு உண்டென்று தாளில் ஏறிவிடும். கூடவே செலவு பதினொன்றரை ஆகும், பணம் திரும்பக் கிட்டத்தட்ட ஒன்பது வருடம் ஆகும், அப்பா தலையை ஆட்டுவார். நியாயம் கிடைக்கும், படிப்பு கிடைக்காது.

முடிவு இரண்டு: கோடு அப்படியே இருக்கிறது. அக்கா ஆறு வருடமும் இலவசம்தான் என்று ஒத்துக்கொண்டு பஸ் ஏறுகிறாள்.

இரண்டையும் அக்காவிடம் படித்துக் காட்டினேன். "ரெண்டும் உன் மாதிரியே இருக்கு," என்றாள். "பார்க்க நல்லா இருக்கு, வேலைக்கு ஆகாது."

6

நடந்தது வேறு. அவள் கோட்டைத் தொடவில்லை. "சரிப்பா, அஞ்சரைதான்," என்று தாளை மடித்தாள். "திங்கக்கிழமையிலேர்ந்து லோடு யாரு பார்ப்பா?"

அப்பா எடைக்காரரைப் பார்த்தார். எடைக்காரர் தராசைப் பார்த்தார்.

இன்று வெள்ளி. காலையில் பணம் கட்டியாயிற்று. அப்பா என்னைக் கூப்பிட்டு, "நீதான் எழுதறவனாச்சே, ஒரு போர்டு எழுது," என்றார். எழுதினேன்: ஆள் தேவை. வெங்காயத்தின் தரம் பார்க்க, லாரிக்காரர்களிடம் பேச, வரவு செலவு எழுத. காலை ஐந்து முதல். விடுமுறை கிடையாது. சம்பளம்

"எவ்ளோப்பா போடட்டும்?"

அவர் பேனாவை மூடினார், திறந்தார். "கொஞ்சம் இடம் விட்டு வை," என்று சொல்லிவிட்டு, டீ குடிக்காத மனிதர், டீ குடிக்கக் கிளம்பினார்.

அரை மணி நேரமாக அட்டை என் மடியில் இருக்கிறது. அக்கா எதிரில் நின்று பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். நான் தத்துவ மாணவன், எண் என் பாடத்தில் கிடையாது. வேலை என்னென்ன என்று உங்களுக்குச் சொல்லிவிட்டேன். பேனாவைப் பிடியுங்கள்.

சம்பளம்: ________