கல்மூஞ்சியின் வியர்வை

மூன்று மாத உயிருக்கு ஓர் ஊசி, விலை பதினாலாயிரம். "ரெண்டா வாங்கினா எவ்வளவும்மா குறைப்ப?" என்று மருந்துக்கடைப் பெண்ணிடம் கேட்டார் கல்மூஞ்சி. அவள் சிரிக்கவில்லை. மனைவி முழங்கையில் கிள்ளினாள்.

மொத்தத் துணி வியாபாரி. எந்த விலையைக் கேட்டாலும் முகத்தில் ஒரு நரம்பும் அசையாது. அதனால் அந்தப் பெயர். அவர்கள் சந்தையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: பேரம் தொடங்கியதும் மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். யார் முதலில் முகத்தைத் துடைக்கிறாரோ அவர் இறங்கிவிட்டார். எதிராளி சொன்னதே விலை.

வந்தது புராஸ்டேட் புற்று. ஆண் ஹார்மோன் சுரப்பை அடைத்து நோயைப் பட்டினி போடும் ஊசி இது என்றார் டாக்டர். பட்டினி கிடந்தது நோய் மட்டுமில்லை. தோள் சரிந்தது. இரவில் மனைவி பக்கம் திரும்பியவர், மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். போதாததற்கு, நேரங்காலம் பார்க்காமல் நெஞ்சிலிருந்து ஒரு கொதிப்பு கிளம்பி முகமெல்லாம் வியர்வையாய் வழிந்தது.

இரண்டாவது ஊசி போட்ட வாரம் பழைய வாடிக்கைக்காரர் வந்தார். நூறு கட்டுத் துணி. விசிறி நின்றது, கொதிப்பு கிளம்பியது.

"என்னண்ணே, உங்க பக்கம் மட்டும் மழையா?"

"விலையைச் சொல்லுய்யா."

"நீங்க துடைங்க, நான் சொல்றேன்."

வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. நோய் என்று சொல்லிவிடலாம். சொன்னால் நாளையிலிருந்து எந்த மில்காரனும் கடனுக்குச் சரக்குத் தரமாட்டான். கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார்.

கல்லாவில் இருந்த மனைவிக்குச் சட்டம் தெரியும். தெரிந்தும் பொறுக்கவில்லை. எழுந்து வந்து, துண்டால் அவர் முகத்தை ஒற்றி எடுத்தாள்.

"போதும்ங்க" என்றாள், மெதுவாக.

"துடைச்சது நான் இல்லைய்யா, அவ!" பாதி எழுந்துவிட்டார் கல்மூஞ்சி.

வாடிக்கைக்காரருக்கே ஒரு கணம் சங்கடமாகிவிட்டது. ஆனாலும் வியாபாரி.

"முகம் உங்களுதுதானேண்ணே" என்று சொல்லி, அடிமட்ட விலை ஒன்றைச் சொன்னார். கட்டுகள் வண்டி ஏறின.

மனைவி விசிறியைப் போட்டாள். அவள் முகத்தைப் பார்க்காமல் மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தார் கல்மூஞ்சி. வரவு: மூன்று மாதம். செலவு: ஊசி, நூறு கட்டு லாபம், முப்பது வருஷ முகம். எப்படிக் கூட்டினாலும் நேராகவில்லை. அடுத்த ஊசி இன்னும் பாக்கி.