டுரோஷே ஹீட்டிங் கிண்ணம்

எங்கள் ஊர் பெர்ச் ரிவரில் ரிங்கெட் என்றொரு விளையாட்டு இருப்பதைப் பாதிப் பேர் ஒப்புக்கொள்வதில்லை. மீதிப் பேர் அதை ஹாக்கி வராத பெண் பிள்ளைகளுக்கான ஹாக்கி என்று நினைக்கிறார்கள். வடக்கு ஒண்டாரியோவில் ஐஸ் ஹாக்கி என்பது மதம். ரிங்கெட் என்பது அந்தக் கோயிலைக் கூட்டிப் பெருக்கியபின் மிஞ்சும் நேரத்தில் நாங்கள் செய்துகொள்ளும் சிறு பூசை. பனித்தளம் அதேதான், சறுக்குக் காலணி அதேதான். ஆனால் இதில் அடிப்பது ஒரு ரப்பர் வளையத்தை. நேரான கம்பை அந்த வளையத்துக்குள் குத்தி இழுத்துக்கொண்டு பிள்ளைகள் பறப்பார்கள். என் மகள் பல வருடம் ஆடினாள். அவள் கல்லூரிக்குப் போய்விட்டாள், நான் மட்டும் அரங்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். ஆட்டத்தின்போது ஓடும் கடிகாரத்தை அழுத்துவது என் வேலை. சம்பளம் காப்பி.

இந்த வருடப் போட்டிக்குத் தலைவி கொலீன் ரௌட்டியோ. அவளை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. சங்கக் கூட்டத்தில் "இந்த முறை யார் பொறுப்பு எடுத்துக்கறீங்க?" என்ற கேள்வி வந்ததும் எல்லோரும் தத்தம் காலணியை ஆராயத் தொடங்கினோம். கொலீன் மட்டும் தலை நிமிர்ந்திருந்தாள். அது அவள் குற்றம். கைதட்டலோடு கூட்டம் முடிந்தது.

கொலீன் பல் மருத்துவரிடம் பல் சுத்தம் செய்யும் வேலையில் இருக்கிறாள். வாயைத் திறந்துவைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாமல் கிடக்கும் மனிதர்களிடம் பேசிப் பழகியவள். பதில் சொல்லக்கூடிய மனிதர்களைக் கண்டால் அவளுக்குக் கொஞ்சம் பயம். எதற்கும் "சரி" என்பாள்.

அந்தச் "சரி"யைச் சரியாகக் கண்டுபிடித்தவர் ரெஜான் டுரோஷே. ஊரில் பாதி வீடுகளுக்கு வெப்பம் தருவது அவருடைய டுரோஷே ஹீட்டிங்தான். மீதி வீடுகளுக்கும் தருவதாகத்தான் அவர் பேசுவார். போட்டிக்கு முக்கியப் புரவலர் அவர். அவருடைய கடையில் கொலீனோடு நானும் உட்கார்ந்திருந்தேன்.

"கிண்ணத்துக்கு என்ன பேரு?" என்றார்.

"பெர்ச் ரிவர் கிண்ணம். போன வருஷமும் அதான்."

"டுரோஷே ஹீட்டிங் கிண்ணம். நல்லா இருக்கில்ல?"

"சரி."

"சுத்துச் சுவரு முழுக்க என் பேனர். துணியில, பெருசா. பிளாஸ்டிக் வேணாம், பாக்க மலிவா இருக்கும்."

"சரி."

"இறுதி ஆட்டத்துக்கு முன்னாடி நடுவுல நின்னு நாலு வார்த்தை பேசுவேன்."

"நாலு வார்த்தைதானே? சரி."

நான் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன். அவள் என் காலணியைப் பார்த்துவிட்டு, இது விபத்து என்று நினைத்து மன்னித்தாள்.

"அப்புறம் முக்கியமான விஷயம்," என்று ரெஜான் நாற்காலியை முன்னே இழுத்தார். "பெத்தவங்க எல்லாம் படிக்கட்டுல உக்காந்து நடுங்குறாங்க. என்கிட்ட புதுசா ஆறு ஹீட்டர் வந்திருக்கு, கேஸ்ல எரியுறது. யானை மாதிரி. வச்சா அரங்கமே மே மாசமாயிடும்."

"உள்ள ஐஸ் இருக்கே?" என்றாள் கொலீன். அவளைப் பொறுத்தவரை அது ஒரு புரட்சி.

"ஐஸ் கீழதானே இருக்கு? சூடு மேல போகும். நான் முப்பது வருஷமா சூடு விக்கிறேன்மா."

"சரி."

அரங்கத்தை நடத்தும் நகராட்சி அதிகாரி ஒரே நிமிடத்தில் அனுமதி கொடுத்தார். அவருடைய அலுவலகமும் குளிரும்.

போட்டி மார்ச் மாதத்தில் ஒரு வார இறுதி. மாகாணம் முழுவதிலிருந்தும் அணிகள் வந்தன. உதவிக்கு வருகிறோம் என்று பெயர் கொடுத்தவர்களைச் சேர்த்தால் ஒரு சின்ன நாட்டின் ராணுவம் தேறும். வெள்ளிக்கிழமை காலையில் வந்தவர்களை ஒரே வேனில் ஏற்றிவிடலாம். ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இன்னொருவர் உறைந்த ஏரியின் மேல் போட்ட மீன்பிடிக் குடிசையை ஐஸ் உருகுவதற்குள் இழுத்து வரவேண்டும் என்றார். பரிசுச் சீட்டு மேசையை ஏற்றிருந்த தம்பதிகள் அந்த வாரமே விவாகரத்து முடிவெடுத்து, ஆளுக்கொரு செய்தி அனுப்பினார்கள்: "அவர் வந்தா நான் வரமாட்டேன்." "அவ வந்தா நான் வரமாட்டேன்." கடைசியில் இருவரும் வரவில்லை. அந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தார்கள்.

வந்தவர்களில் பெர்னடெட் ஒரு ராணுவம். சமையலறை அவள் பொறுப்பு. அவளுடைய சில்லியில் பீன்ஸும் கொத்துக்கறியும் போக என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்குப் பதில் கிடைத்ததில்லை, இரண்டாம் கரண்டியும் கிடைத்ததில்லை.

"கொலீன், சாப்ட்டியாடீ?"

"அப்புறம்."

"அந்த அப்புறம் வெள்ளிக்கிழமை சொன்ன அப்புறமா, இன்னிக்குச் சொல்ற அப்புறமா?"

கொலீனுக்கு நிற்க நேரமில்லை. ஓர் அணியின் சீருடைப் பைகள் வேறு ஊர் விடுதிக்குப் போயிருந்தன. ஒரு நடுவர் பயணத்தில் கார் பழுதாகி நின்றார். தெற்கிலிருந்து வந்த அணியின் பயிற்சியாளர் ட்ரெண்ட், விதிப்புத்தகத்தைக் குழந்தையைப் போல நெஞ்சில் அணைத்தபடி மணிக்கொரு புகாரோடு வந்தார். வாழைப்பழம் பழுக்கவில்லை என்பதும் அதில் ஒன்று. எல்லாவற்றுக்கும் கொலீன் "சரி, பாக்கறேன்" என்றாள். பார்க்கவும் செய்தாள். அதுதான் ஆச்சரியம்.

ஞாயிறன்று வானிலை மாறியது. பனி நின்று மழை பிடித்தது. வெளியே காற்று வெதுவெதுவென்று ஈரமாக அடித்தது. பதினான்கு வயதுக்குட்பட்டோர் இறுதி ஆட்டம், எங்கள் ஊர் அணிக்கும் ட்ரெண்டின் அணிக்கும். கொலீனின் மகள் ஆனிக்கா எங்கள் அணியில் ஆடினாள். கூட்டம் நிறைந்திருந்தது. ரெஜான் தன் கையாலேயே ஆறு ஹீட்டர்களையும் உச்சத்தில் திருப்பிவைத்தார். பெற்றோர்கள் கோட்டைக் கழற்றினார்கள். "இதான்யா வசதி!" என்றார் ஒருவர்.

முதலில் பனித்தளத்தின் மேல் மெல்லிய வெள்ளைப் புகை போல ஒன்று தவழ்ந்தது. எரிந்த வாயுவின் ஆவியும் மழையின் ஈரமும் கூட்டத்தின் மூச்சும் சேர்ந்து ஐஸில் இறங்கிப் படிந்தது. ரெஜான் மைக்கைப் பிடித்துக்கொண்டு தெருவில் போடும் காலணியோடு நடுவில் போய் நிற்பதற்குள் அது அவர் இடுப்புவரை வந்துவிட்டது. நாலு வார்த்தையில் முதல் நூறு வார்த்தையை அவர் முடிக்கும்போது தலையும் மறைந்தது. பிறகு குரல் மட்டும் வந்தது.

"...என் அப்பா ஒரே ஒரு அடுப்போட ஆரம்பிச்ச இந்தக் கம்பெனி..."

மேகத்துக்குள்ளிருந்து கடவுள் பேசுவதுபோல இருந்தது. கடவுளுக்கு ஹீட்டர் தவணையில் கிடைக்கும் என்ற விவரமும் தெரிந்திருந்தது.

"ஆளு எங்கப்பா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"சொர்க்கத்துக்குப் போயிட்டாரு. அங்கயும் விக்கிறாரு," என்றாள் பெர்னடெட்.

"...உங்க குடும்பத்தோட கதகதப்புக்கு நாங்க எப்பவும்..." தொப்பென்று ஒரு சத்தம். மைக் கொஞ்ச தூரம் உருண்டு போனது. அப்புறம் ஒலிபெருக்கியில், கம்பெனி விளம்பரத்தில் வராத ஒரு பிரெஞ்சு வார்த்தை தெளிவாகக் கேட்டது.

ட்ரெண்ட் புத்தகத்தோடு வந்துவிட்டார். "எதிர் கோல் கம்பம் தெரியலைன்னா ஆட்டம் கிடையாது. ரத்து பண்ணுங்க. லீக் ஆட்டத்துல நாங்க எடுத்த புள்ளி அதிகம், கிண்ணம் எங்களுக்கு."

நகராட்சி அதிகாரி வந்தார். "கதவெல்லாம் திறந்து விட்டாச்சு, காத்து வரட்டும்னு." திறந்த கதவு வழியாக மழைக்காற்று உள்ளே வர, மூடுபனி இன்னும் கெட்டியானது.

முன்வரிசையில் ஒருத்தி கூட்டம் முழுக்கக் கேட்கும்படி, "இத நடத்தத் தெரியாதவங்க ஏன் பொறுப்பு எடுக்கறாங்க?" என்றாள். உதவிக்குப் பெயர் கொடுத்துவிட்டு மூன்று நாளும் வராதவள் அவள். ஆட்டம் பார்க்க மட்டும் வந்திருந்தாள்.

கொலீன் என் கடிகார மேசையருகே நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்துக் காகிதக் கைக்குட்டை தேடினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொறுமை இழந்த இரண்டு சிறுமிகள் மூடுபனிக்குள் சறுக்கிப் போக, அவர்கள் போன வழியில் வெள்ளை பிளந்து கீழே ஐஸ் தெரிந்தது. பிறகு மெல்ல மூடியது.

"வாலஸ், கதவ மூடு. எல்லாக் கதவையும்," என்றாள் என்னிடம்.

"அதிகாரி இப்பதான்..."

"மூடுன்னேன்ல?"

பத்து வருடத்தில் அவளிடம் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. ஓடினேன். அவள் படிக்கட்டில் ஏறி ஆறு ஹீட்டர்களையும் ஒவ்வொன்றாக அணைத்தாள். ஒரு பெற்றோர் "இப்பதான் சூடாச்சு" என்று முனகினார். "வீட்டுக்குப் போனா இன்னும் சூடா இருக்கும், கிளம்புறீங்களா?" என்றாள். அவர் கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்புறம் சுவரிலிருந்த டுரோஷே ஹீட்டிங் பேனரின் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். அவிழவில்லை. பெர்னடெட் சமையலறைக் கத்தியோடு வந்தாள். "தள்ளுடீ."

நாங்கள் மூவரும் சுற்றிச் சுற்றி எல்லாப் பேனரையும் இறக்கினோம். கொலீன் இரண்டு அணிகளையும் கூப்பிட்டாள். "ஒரு பேனருக்கு நாலு பேரு. அந்த அணி, இந்த அணின்னு பாக்காதீங்க. உசத்திப் பிடிச்சுக்கிட்டு வேகமா சுத்துங்க. நிக்காதீங்க."

"இது விதியில எங்கயும் இல்ல," என்றார் ட்ரெண்ட்.

"கூடாதுன்னு இருக்கா?"

அவர் புத்தகத்தைப் புரட்டினார். அவருடைய அணிப் பிள்ளைகள் காத்திருக்கவில்லை. சிவப்புச் சட்டையும் பச்சைச் சட்டையும் கலந்து, ஆளுயரத் துணிகள் படபடக்க வட்டமடிக்கத் தொடங்கின. சிரிப்புச் சத்தம் கூரையில் மோதியது. சின்ன வயது அணிகளும் காலணி மாட்டிக்கொண்டு இறங்கின. இரண்டாம் சுற்றில் நடுவில் ஒரு கறுப்பு உருவம் தெரிந்தது. ரெஜான், நான்கு காலில், எந்தப் பக்கம் கரை என்று தெரியாமல் எதிர்த்திசையில் தவழ்ந்துகொண்டிருந்தார். ஆனிக்காவும் ஒரு சிவப்புச் சட்டைச் சிறுமியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை வாசலுக்கு இழுத்து வந்தார்கள்.

அவர் கால்சட்டை முழங்காலுக்குக் கீழே நனைந்து ஒட்டியிருந்தது. நிமிர்ந்து பார்த்தார். அவர் பேனர்கள் சுவரில் இல்லை. முகம் சிவந்தது. "என் பேனர யாரு...?" என்று தொடங்கியவர், அவை கண்ணெதிரே பறப்பதைக் கண்டார். மூன்று நாளாக யாருமே பார்க்காத அந்தப் பெயரைக் கூட்டம் முழுவதும் எழுந்து நின்று பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தது.

"எனக்காகவா?" என்றார்.

யாரும் மறுக்கவில்லை. மனிதர் ஏற்கெனவே விழுந்திருந்தார்.

கோல் கம்பங்கள் இரண்டும் தெரிந்தன. ஆட்டம் நடந்தது. எங்கள் அணி தோற்றது. கடைசி நிமிடத்தில் ஆனிக்கா அடித்த வளையம் கம்பத்தில் பட்டு வெளியே போனது. ட்ரெண்ட் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். "இந்த மாதிரிச் சூழ்நிலையில ஆடவே சம்மதிச்சிருக்கக் கூடாது, ஆனாலும் பெருந்தன்மையா..." என்றார். அவர் அணிப் பிள்ளைகள் அதற்குள் ஆனிக்காவைச் சூழ்ந்துகொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் கலைந்தது. உதவிக்கு இருக்கிறோம் என்றவர்கள் முதலில் கலைந்தார்கள். கொலீன் முதல் முறையாக உட்கார்ந்தாள். பெர்னடெட் கேட்காமலே ஒரு கிண்ணம் சில்லியை அவள் முன்னால் வைத்தாள். இரண்டாம் கரண்டியும் போட்டாள்.

ரெஜான் வந்தார். இடுப்பில் யாரோ கொடுத்த அரங்கத்துத் துண்டு. பேச்சின் மீதியைச் சொல்ல வந்திருக்கிறார் என்று நான் பயந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கொலீன், ஒண்ணு கேக்கலாமா? சிரிக்கக் கூடாது."

"கேளுங்க."

"இத்தனை வருஷமா புரவலரா இருக்கேன். முழு ஆட்டம் இன்னிக்குத்தான் பாத்தேன்." துண்டைச் சரிசெய்தார். "உன் பொண்ணு அவ்ளோ வேகமா போனாளே, அந்த நீலக் கோடு வந்ததும் ஏன் வளையத்த இன்னொருத்திகிட்ட குடுத்தா? தானே கொண்டுபோயிருந்தா கோலுதானே?"

"கோட்டுக்கு மேல தானே எடுத்துட்டுப் போகக் கூடாது. கோடு தாண்டணும்னா இன்னொருத்திக்குத் தள்ளி விடணும்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

"எவ்ளோ நல்லா ஆடுனாலும்?"

"எவ்ளோ நல்லா ஆடுனாலும்."

ரெஜான் யோசித்தார். பெர்னடெட் மேசையில் மிஞ்சிக் கிடந்த டோனட்டை அவர் முன் வைத்து, இரண்டு கரண்டிகளைக் கோடாகப் போட்டாள். கொலீன் சில்லியைத் தள்ளி வைத்துவிட்டு முள்கரண்டியை டோனட்டின் ஓட்டைக்குள் விட்டாள்.

"இங்க பாருங்க," என்றாள். "நீங்கதான் ஆனிக்கா. இப்ப யாருக்குத் தள்ளுவீங்க?"

"எனக்கு எதிர்ல யாரும் இல்லையே," என்றார் அவர், உண்மையான கவலையோடு.

"நான் இருக்கேன்யா," என்றாள் பெர்னடெட். "தள்ளு!"